பதினேழாம் தேதி பலூன் விடவில்லை

"விட்டாச்சு!" என்று எப்சிபா அக்கா குரல் கொடுத்துக் கடிகாரத்தைத் தட்டியபோது பலூன் மொழியின் விரல்களை விட்டுப் போயிருந்தது. விரல் நுனியில் ரப்பரில் தடவியிருந்த மாவின் வழவழப்பு மட்டும் மிச்சம். நாலே எட்டில் தியோடலைட்டுக்கு ஓடி, கண்ணைக் குழாயில் வைத்து, இரண்டு கையாலும் இரண்டு திருகுகளைப் பிடித்து, அந்த வெள்ளைப் புள்ளியைக் குறுக்குக் கம்பிகளின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் மூச்சு விட்டாள். பகல் பதினொன்றரை மணி. வானிலை நிலையத்து மொட்டைமாடி. இரண்டு நாள் மழைக்குப் பிறகு கார்த்திகை வானம் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் சட்டி மாதிரி பளபளத்தது. தினமும் செய்கிற வேலைதான். ஹைட்ரஜன் அடைத்த பலூன் ஒரே சீராக மேலே ஏறும், மேல்காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும், நிமிடத்துக்கு ஒரு தரம் மணி அடிக்கும், அடித்ததும் அது எவ்வளவு உயரக் கோணத்தில், எந்தத் திசைக் கோணத்தில் நிற்கிறது என்று மொழி சொல்ல வேண்டும், அக்கா எழுத வேண்டும். அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத காற்று கடைசியில் தாளில் எண்ணாக வந்து நிற்கும். இதில் பதறுவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் நெஞ்சு பதறிக்கொண்டுதான் இருந்தது, சந்தோஷத்திலா பயத்திலா என்று பிரிக்க முடியாத பதற்றம், ஏனென்றால் கீழே வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு உப்பளத்தில் வேலைசெய்யும் சந்தனமாரி நின்றாள், உப்பு வெளுத்த கால்களும் தலையில் சுற்றிய துண்டுமாக, அண்ணாந்து அதே பலூனைப் பார்த்துக்கொண்டு. அதைப் பார்க்கத்தான் அவள் மூன்று மைல் நடந்து வந்திருந்தாள். "நீங்க விடுத பலூன ஒரு தடவ எனக்குக் காட்டுங்கம்மா. அதுதானான்னு பாத்துட்டுப் போயிருதேன்." காலையில் அவள் சொன்னது அவ்வளவுதான். மொழி சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள். குழல்வாய்மொழி என்று முழுப்பெயர், குற்றாலத்து அம்மன் பெயர், பேசினால் குழல் ஊதினமாதிரி இருக்க வேண்டும் என்று தபால்காரரான அப்பா ஆசைப்பட்டு வைத்தது. இருபத்துநாலு வருஷத்தில் அவள் வாய்விட்டுப் பேசியதையெல்லாம் ஒரே தபால் கார்டில் எழுதி மிச்ச இடத்தில் விலாசமும் எழுதலாம்.

மணி அடித்தது. "அம்பத்திரெண்டு பாயிண்ட் நாலு. எரநூத்தி முப்பத்தெட்டு." எழுதுகிற சத்தம். "ஏட்டி, உன் ஆளு இன்னும் கேட்டுலதான் நிக்கா," என்றாள் எப்சிபா அக்கா. "ஒரு பலூன பாக்கதுக்கு இவ்வளவு பக்தியா நின்னவள நான் பாத்ததே இல்ல." மொழி திருகை ஒரு நூல் உருட்டினாள். கண் குழாயில் இருந்தாலும் மனசு அக்காவின் மேசையில், தாள் பறக்காமலிருக்க வைத்த பித்தளை எடைக்கல்லுக்குக் கீழே மடித்துக் கிடந்த கடிதத்தில் இருந்தது. மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டிய பதில். உப்பளத்துப் பக்கம் விடியலில் மர்ம ஒளி தெரிந்ததாக மக்கள் சொல்லும் மூன்று தேதிகளுக்கும் விளக்கம் தரவும் என்று கேட்டிருந்தார்கள். ஒன்பது, பன்னிரண்டு, பதினேழு. பொறுப்பதிகாரி தர்மராஜ் சார் சொல்லச் சொல்ல தட்டச்சு செய்தது மொழிதான், எம்.எஸ்சி. இயற்பியல் படித்த பிள்ளை என்று அவளிடம் கொடுத்தார். விடியற்கால பலூனில் இருட்டுக்காகக் காகித விளக்கு ஒன்று தொங்கவிடப்படும், மேற்படி மூன்று நாட்களிலும் மக்கள் கண்டது அந்த விளக்கையே. ஒன்பதாம் தேதி, சரி. பன்னிரண்டாம் தேதி, சரி, அவளே விளக்கை ஏற்றிக் கட்டினாள், அது ஆடி ஆடி மேலே போனது பார்க்க அழகாகத்தான் இருந்தது. பதினேழாம் தேதி? பதினேழாம் தேதி வாயு உருளை தீர்ந்துபோய்ப் பலூனே விடவில்லை. பதிவேட்டில் அந்த வரி வெறுமையாக இருக்கிறது. அக்கா அன்றைக்குச் சபையில் கன்வென்ஷன் கூட்டம் என்று விடுப்பு. சாரிடம் சொன்னதற்கு, "மூணுல ரெண்டு பொருந்துச்சுன்னா மூணாவதும் அதுதாம்மா, விடு," என்றார். இந்தப் பலூன் ஏற்றம் முடிந்ததும் கையெழுத்தாகி மதியத் தபாலில் போய்விடும். மணி. "அம்பத்தொண்ணு பாயிண்ட் ஒம்பது. எரநூத்தி முப்பத்தொம்பது பாயிண்ட் ரெண்டு." பலூன் தென்மேற்கே நழுவிக்கொண்டிருந்தது, வாடைக்காற்றின் வேலை, மெல்லிய காற்று, அதற்கு அவசரமே இல்லை. அவளுக்குத்தான் அவசரம். ஏனென்றால் பதினேழாம் தேதி பலூன் விடவில்லை என்பது பாதிதான். மீதிப் பாதி, அன்றைக்கு அவளும் அதைப் பார்த்தாள் என்பது.

காலை டியூட்டிக்கு வரும்போது, நாலு ஐம்பது இருக்கும், உப்பளத்துச் சாலையில் ஸ்கூட்டியின் பக்கக் கண்ணாடியில்தான் முதலில் வந்தது. ஒற்றை ஹெட்லைட் எரிகிற உப்பு லாரி என்று நினைத்து ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். என்ன அசடு, வானத்துக்கு வழிவிட்டிருக்கிறாள். லாரி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மேற்கே, பனையோலை வேய்ந்த உப்புக் குவியல்களுக்கு மேலே, பழுத்த மாம்பழத்துக்குள் விளக்கேற்றினமாதிரி ஒரு நிறம். சத்தமில்லை. தெற்கே போயிற்று, நின்றது, வந்த வழியே திரும்பியது. மறுபடி நின்றது. அந்த நிற்றல்தான், அந்த நிற்றலைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியாது, ஏதோ ஒன்று நம்மைப் பார்ப்பதற்காக நின்றால் நமக்குத் தெரியும் இல்லையா, பேருந்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒருவன் பார்த்தால்கூடத் தெரிகிறதே, அதுபோல. பயந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அவள் கை தானாக நீண்டு, முஷ்டி மடங்கி, தொடுவானத்தின் மேல் உட்கார்ந்தது. நீட்டிய கையின் முஷ்டி பத்து டிகிரி, ஒரு விரல் இரண்டு டிகிரி. ஒரு முஷ்டியும் ஒரு விரலும். பன்னிரண்டு டிகிரி! உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள், மணி, உயரம், மேற்குக்குக் கொஞ்சம் வடக்கு. எழுதி நிமிர்ந்தபோது அது அணையவில்லை, யாரோ கதவருகே நின்றவர் உள்ளே போனமாதிரி விலகிக்கொண்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு சத்தமாக வந்தது, நடுச்சாலையில், தனியாக. அப்புறம் என்ன செய்தாள்? நிலையத்துக்கு வந்தாள், குழாயடியில் சோப்புப் போட்டு உள்ளங்கையைத் தேய்த்துக் கழுவினாள். யாராவது கேட்டுவிடுவார்கள் என்று. எடுத்த அளவை அழித்துவிட்டாள். இந்த வேலையில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பதிவேட்டில் தப்பாக எழுதினால்கூட அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு, அடித்தது வாசிக்கத் தெரிகிற மாதிரி, மேலே சரியானதை எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். அவள் சோப்புப் போட்டாள்.

மணி, எண், எழுதுகிற சத்தம். மணி, எண், எழுதுகிற சத்தம். இடையில் மனசு பதினேழாம் தேதிக்கு ஓடி ஓடி வந்தது. என்னவாக இருக்கும்? கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று, நடுவில் ஒளி வளையும், தொடுவானத்துக்குக் கீழே இருக்கிற விளக்கு ஒன்று தூக்கிக் காட்டப்பட்டு ஆடும், கானல் பகலில் மட்டும்தானா வரும்? இருபது மைலுக்கு அப்பால் ஏதோ ஆலைப் புகைக்கூண்டின் விளக்காக இருக்கலாம். ஆனால் அது ஏன் தெற்கே போய்த் திரும்ப வேண்டும்? சரி, இருட்டில் ஒற்றைப் புள்ளியை முறைத்துப் பார்த்தால் புள்ளி நகர்வதுபோல் தோன்றும், நகர்வது புள்ளியல்ல கண், இது பாடத்திலேயே வரும். அப்படியானால் கேட்டில் நிற்கிறவளின் கண்ணுக்கும் அது எப்படி அதேமாதிரி நின்று பார்த்தது? சதுப்பு வாயு பற்றிக்கொண்டிருக்கலாம், ஊரில் அதற்குக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பேர், ஆனால் அது தரையோடு தவழும், பன்னிரண்டு டிகிரி ஏறாது. பந்து மின்னலா? அன்றைக்கு இடியில்லை. கல்யாண வீட்டுக்காரன் எவனாவது பறக்கும் கேமராவில் விளக்கைக் கட்டிவிட்டானா, விடியற்காலை நாலு ஐம்பதுக்கு, உப்பளத்தில் என்ன கல்யாணம்? அரைத் தூக்கமா? நாலு மணிக்கு எழுந்தவளின் மூளையில் பாதி இன்னும் பாயில்தான் கிடக்கும், அது கனவை எடுத்து வானத்தில் ஒட்டிவிடும், சரி, ஆனால் தூங்குகிற மூளை முஷ்டியை மடக்கி அளக்குமா? இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் ஒரு குறுகுறுப்பு முதுகுத்தண்டில் ஏறியது. வீட்டில் அப்பாவிடம் பொதுவாகக் கேட்டமாதிரி கேட்டுப் பார்த்தாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, சித்தர்கள் உடம்பை ஒளியாக்கிக்கொண்டு மலைவிட்டு மலை போவார்கள், பொதிகையிலிருந்து கடலாடக் கிளம்பினால் வழியில் உப்பளம்தானே வரும் என்றார், பேருந்து வழித்தடம் சொல்கிறமாதிரி அவ்வளவு இயல்பாக. உப்பளத்துப் பெண்கள் மாடன் பந்தம் பிடித்து எல்லை சுற்றப் போகிறார் என்கிறார்கள். எப்சிபா அக்காவுக்குத் தேவதூதன். "வானத்துல இருந்து சக்கரத்துக்குள்ள சக்கரமா எறங்கி வருவாவன்னு எங்க பாஸ்டர் சொல்லுவாரு. தூதன்னா ஒரு வெளிச்சம் இருக்கத்தான செய்யும்?" சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே, "வேற கிரகத்துக்காரன்னு மட்டும் சொல்லாத ஏட்டி. அவ்வளவு தூரம் வந்தவன் உப்பு அள்ளுற எடத்துலயா எறங்குவான்? அங்க என்ன, கொழம்புக்கு உப்பு இல்லையா?" யோசித்துப் பார்த்தால் எல்லோரும் ஒரே ஒளியைத்தான் பார்க்கிறார்கள், அதில் ஏற்றிவைக்கும் ஆள்தான் வேறே. தேரில் போன காலத்தில் தேர் தெரிந்தது, இப்போது பறக்கும் தட்டு தெரிகிறது. ஒருவேளை காற்றும் வளைந்து, கண்ணும் நகர்ந்து, அந்தச் சின்ன விரிசல் வழியாக உண்மையிலேயே ஏதோ ஒன்று எட்டியும் பார்த்தால்? காற்று வளைந்ததால் அது வரவில்லை என்று ஆகிவிடுமா? வாசல் எதனால் திறந்தது என்று தெரிந்துவிட்டால் வந்தவர் பொய்யாகிவிடுவாரா? ஐயோ, இதை யாரிடம் பேசுவது, எங்கே போய்ப் பேசுவது!

பேசியிருக்கலாம். போன வாரம் சந்தனமாரி முதல்தடவை வந்தபோதே பேசியிருக்கலாம். வாசற்படியில் நின்று அவள் பதினேழாம் தேதி விடியலைப் பற்றி, "ரெண்டு பன ஒசரம், செக்கச்செவேல்னு, நின்னு என்னப் பாத்துச்சும்மா," என்றபோது மொழியின் மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றது. ரெண்டு பனை உயரம்! குவியல்களின் தூரத்தை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே பன்னிரண்டு! வாய் திறந்தது. பின்னால் தர்மராஜ் சார் நின்றுகொண்டு, "பலூன்னு சொல்லி அனுப்பும்மா," என்றார். மொழி, "எங்க பலூன்தான்," என்றாள். மூன்று சொல்கூட இல்லை. அந்த அம்மாவின் முகம் விளக்கை அணைத்தமாதிரி ஆனது. கூட வந்திருந்த அவள் புருஷன் சிரித்தான். "கேட்டியா? ஊதுன பலூனு ஒன்ன நின்னு பாத்துச்சாம்." அதற்குப் பிறகு நடந்ததைக் காலையில் அவளே சொன்னாள். அளத்தில் எல்லோரும் பலூன்காரி என்று கூப்பிடுகிறார்கள், அது பரவாயில்லை, ஆனால் அவள் பலூன் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருப்பதால் வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி வருகிற வெள்ளிக்கிழமை கோடாங்கியிடம் கூட்டிப் போகிறார்கள். அவன் எப்படி ஓட்டுவான் என்று அவளுக்குத் தெரியும், அவளுடைய நாத்தனாரை ஓட்டியதைப் பார்த்திருக்கிறாள், வேப்பங்குச்சி, மிளகாய்ப் புகை, முடியைப் பிடித்து உச்சியில் ஆணி வைத்தல். "பலூன்னு ஒத்துக்கிட்டா விட்டுருவாவம்மா. ஒத்துக்கிடலாம்னுதான் வந்தேன். ஆனா பாக்காம எப்படி ஒத்துக்கிட?" இன்றைக்குப் புதன். அவள் அளவுக்குக்கூட மொழிக்கு நேர்மை இல்லை. பொய்க்குக்கூட ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுத்தான் சம்மதிப்பேன் என்கிறவள் கேட்டில் நிற்கிறாள். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னவள் மாடியில் நிற்கிறாள். சந்தனமாரிக்குச் சித்தரும் வேண்டாம் மாடனும் வேண்டாம், இன்னொரு சாட்சி வேண்டும், ஒரே ஒரு ஆள். ஒருத்தி பார்த்தால் கிறுக்கு, இரண்டு பேர் பார்த்தால் சேதி.

மணி. ஒன்பதாவது நிமிடம். "நாப்பத்தெட்டு பாயிண்ட் ரெண்டு. எரநூத்தி நாப்பத்திமூணு பாயிண்ட் ஆறு." சொல்லி முடிக்கவும் பஞ்சைப் பிய்த்துப் போட்டமாதிரி ஒரு மேகத்துணுக்கு குறுக்கே வந்தது, பலூன் அதற்குள் புகுந்துகொண்டது. பரவாயில்லை, இது வழக்கம்தான். திருகை மெல்ல, மெல்ல முன்னே உருட்டிக்கொண்டு போனாள். நீலம், நீலம், வெறும் நீலம். இதோ. வெள்ளைப் புள்ளி. கம்பிகளின் நடுவில் அமர்த்தினாள். மணி. "நாப்பத்தேழு பாயிண்ட் ஏழு. எரநூத்தி நாப்பத்திநாலு பாயிண்ட் அஞ்சு." அக்கா எழுதினாள். மறுபடி மணி. "நாப்பத்தேழு பாயிண்ட் அஞ்சு. பாயிண்ட் ஏழு." மறுபடி. "நாப்பத்தேழு பாயிண்ட் மூணு. பாயிண்ட் எட்டு." மறுபடி, மறுபடி, மறுபடி. எவ்வளவு நல்ல பிள்ளையாக வருகிறது இன்றைக்கு! துள்ளவில்லை, நடுங்கவில்லை. நடுங்கவில்லையா? பலூன் என்றால் ஒரு நடுக்கம் இருக்குமே. அவள் இமைத்தாள். மேலே போகப் போகப் புள்ளி சின்னதாக வேண்டும், இது ஆகவில்லை. உற்றுப் பார்த்தாள், இது ரப்பர் வெள்ளை இல்லை, இதற்குள்ளிருந்து வெள்ளை வருகிறது, முழு வட்டமும் இல்லை, ஒரு பக்கம் கடித்தமாதிரி. பட்டப்பகலில். நீல வானத்தின் நடுவில். அவளைப் பார்த்தபடி. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு அலை ஓடியது. வந்துவிட்டதா? கேட்டில் அவள், மாடியில் நான், இரண்டு பேரும் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்துவிட்டதா? அன்றைக்குக் கழுவினாயே, இந்தா, இப்போது அள, கையில் கருவியோடு அள என்று வந்து நிற்கிறதா? கத்த வேண்டும்போல இருந்தது. "அக்கா, ஒரு நிமிஷம், அந்த எண்ண எல்லாம் வாசிங்களேன்." "என்னட்டி, இப்ப எதுக்கு?" "வாசிங்கக்கா!" அக்கா திகைத்துப்போனாள், இந்தப் பிள்ளை கத்தி அவள் கேட்டதில்லை. வாசித்தாள். நாற்பத்தேழு ஏழு, நாற்பத்தேழு ஐந்து, நாற்பத்தேழு மூன்று, நாற்பத்தேழு, நாற்பத்தாறு எட்டு, நாற்பத்தாறு ஆறு. திசைக்கோணமும் அதே சீரில் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டையும் சேர்த்து மனசுக்குள் கணக்குப் போட்டாள். நிமிடத்துக்குக் கால் டிகிரி. ஒவ்வொரு நிமிடமும் கால் டிகிரிக்குப் பக்கம். மணிக்குப் பதினைந்து. பதினைந்து டிகிரி வேகத்தில் நகர்வது பலூன் இல்லை, தட்டு இல்லை, தூதன் இல்லை, அது பூமி. நகர்வது நாம். அவள் காலுக்குக் கீழே மொட்டைமாடியும் நிலையமும் உப்பளமும் சந்தனமாரி பிடித்திருக்கிற கேட்டும் சேர்ந்து உருண்டுகொண்டிருக்கின்றன, அங்கே அசையாமல் நிற்பது வெள்ளி. விடிவெள்ளி! சூரியனுக்கு முன்னாலேயே கிழக்கில் உதித்து, பகல் முழுக்க வானத்தைக் கடந்து, யாருமே பார்க்காமல் தினமும் நம் தலைக்கு மேலேதான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"என்னட்டி சிரிக்கன்னு கேக்காதீங்கக்கா," என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள், கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஆறு நிமிஷமா நான் வெள்ளியப் பாத்துப் பலூன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். பலூன் மேகத்துக்குள்ளயே போயிட்டு." அக்கா குழாயில் கண்ணை வைத்து, "கர்த்தாவே," என்றாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். "எங்க சின்னையா ஒருத்தரு, இங்க பலூன் விட்ட பழைய ஆளு, அவருக்கும் இப்படி ஆயிருக்குன்னு சொல்லுவாவ. பலூன் விடுதவங்கள மட்டும் பிடிக்குத வெள்ளிடி இது," என்றாள் கடைசியில். மொழி பதிவேட்டை இழுத்து, ஆறு வரிகளிலும் ஒற்றைக் கோடு போட்டு, மேலே 'பலூன் அல்ல, வெள்ளி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுக்கொண்டிருக்கும்போதே மனசு சிக்கிக்கொண்டது. அப்படியானால் பதினேழாம் தேதி பார்த்ததும் வெள்ளிதானா? அவ்வளவுதானா? பேனாவைப் பிடித்தபடி கிழக்கே திரும்பிப் பார்த்தாள். இல்லை. விடியற்காலையில் வெள்ளி கிழக்கே, கடல் பக்கம். நான் பார்த்தது மேற்கே. கண்ணாடியில் பார்த்ததால் திசை மாறிவிட்டதா? இல்லை, திரும்பிப் பார்த்தேன், ஓலைக் குவியல்களைப் பார்த்தேன், கடல் பக்கம் குவியலே கிடையாது, முஷ்டியை அந்த ஓலைக் குவியல்களின் பக்கம்தானே நீட்டினேன்! அப்போது அது என்ன? தெரியாது. தெரியாதே! அந்தத் தெரியாதில் இருந்த ஆனந்தம், அதை இத்தனை நாள் ஏதோ திருட்டுப் பொருளைப் போல ஒளித்து வைத்திருந்தாளே. இன்றைக்குக் கருவியும் படிப்பும் பக்கத்தில் ஆளும் இருந்தும் நான் வேறொன்றைப் பலூன் என்று எழுதினேன், எழுதியதைக் கோடு போட்டுத் திருத்தவும் செய்தேன், ஆகாயமே இடிந்து விழவில்லை. போன வாரம் வாசற்படியில் வாயால் சொன்ன பலூனுக்கு யார் கோடு போடுவது? வாயால் சொன்னதை வாயால்தான் அடிக்க வேண்டும். பயம் வந்தது. வேற்றுக்கிரகத்துக்காரி என்று பேர் வைப்பார்கள். வேலை நிரந்தரமாக இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. தர்மராஜ் சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அந்தப் பார்வை இந்தப் பக்கம், கோடாங்கியின் ஆணி அந்தப் பக்கம். மொழி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள், சுவர் சுட்டது, எட்டிப் பார்த்தாள், சந்தனமாரி கழுத்தைத் தேய்த்தபடி திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள், பலூன் மறைந்துவிட்டதல்லவா, பார்த்தாகிவிட்டது, இனி ஒத்துக்கொள்ளப் போகிறாள்.

"மாரிக்கா!" குரல் உடைந்து கீச்சென்று வந்தது. அவள் திரும்பவில்லை. "மாரிக்கா! பதினேழாம் தேதி நாங்க பலூன் விடலக்கா! நான் பொய் சொன்னேன்! நானும் பாத்தேன்! நானும் அதப் பாத்தேன்!" சாலையில் சைக்கிளில் போன ஐஸ்காரர் காலை ஊன்றி நின்றுவிட்டார். கீழே சார் அறையில் ஃபோன் பேச்சு நின்றது. எப்சிபா அக்கா வாயில் கையை வைத்தாள். வெளியாட்கள் மாடிக்கு வரக் கூடாது என்று படிக்கட்டில் பலகை தொங்குகிறது. சந்தனமாரி அதைப் படிக்கத் தெரியாமலோ தெரிந்தேயோ இரண்டிரண்டு படியாக ஏறி வந்து மூச்சு வாங்க மொழிக்கு முன்னால் நின்றாள், உப்பும் வியர்வையும் மணக்க. "நெசமாவா?" "நெசம்." "எந்தப் பக்கம் இருந்துச்சு, சொல்லுங்க." மொழி கையை நீட்டி மேற்கே காட்டினாள். "ஓலக்குவியலுக்கு மேல. தெக்க போச்சு. நின்னுச்சு. திரும்ப வந்துச்சு." சந்தனமாரி ஒரு எட்டு முன்னே வந்தாள். "ஒங்களையும் பாத்துச்சா?" அந்தக் கேள்விக்கு எம்.எஸ்சி.யில் பதில் கிடையாது. "பாத்துச்சுக்கா," என்றாள் மொழி. அந்த அம்மா அப்படியே மாடித் தரையில் உட்கார்ந்து, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு ஓ என்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். எப்சிபா அக்கா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அழுகை அடங்கியதும் மொழி அவளைத் தியோடலைட்டுக்குக் கூட்டிப்போய்க் குழாயில் பார்க்க வைத்தாள், பகலில் வெள்ளி இருக்கிறது பாருங்கள் என்று. சந்தனமாரி மூச்சுக்கூட விடாமல் பார்த்தாள். "அம்மாடி, பகல்லயும் இருக்கா இது? நல்லாருக்கும்மா. ஆனா இது அது இல்ல. இது சும்மா இருக்கு." "இது அது இல்லக்கா," என்றாள் மொழியும், சேர்ந்து சொல்வதே ஒரு விளையாட்டைப் போல இருந்தது. "அது என்னன்னு எனக்குத் தெரியாது. காத்து வளைஞ்சு காட்டுனதா இருக்கலாம், மாடனா இருக்கலாம், தூதனா இருக்கலாம். தெரியாதுன்னுதான் எழுதப் போறேன்." "தெரியாதுன்னு எழுதலாமா?" "எழுதலாம்."

எடைக்கல்லை நகர்த்திக் கடிதத்தை விரித்தாள். 'பதினேழு' என்ற எண்ணின் மேல் ஒற்றைக் கோடு, அடித்தது வாசிக்கத் தெரியும்படி. மேலே, சின்ன இடத்தில் நெருக்கி எழுதி, பக்கத்தில் கு. என்று போடாமல் முழுப்பெயரையும் கையெழுத்தாகப் போட்டாள், இடம் போதாமல் அது ஓரத்தில் ஏறி இறங்கியது. படிக்கட்டில் சாரின் செருப்புச் சத்தம் கேட்டது. "என்ன எழுதிருக்கீங்கன்னு வாசிங்கம்மா," என்றாள் சந்தனமாரி. மொழி வாசித்தாள். "பதினேழாம் தேதி பலூன் விடப்படவில்லை. ஒளி மேற்கில் பன்னிரண்டு டிகிரி உயரத்தில் தென்பட்டது. காரணம் தெரியவில்லை. பார்த்தவர்கள் இருவர்." சந்தனமாரி உதட்டை அசைத்து மனப்பாடம் செய்கிறவள் போல, "அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ," என்றாள். செருப்புச் சத்தம் கடைசிப் படிக்கு வந்திருந்தது. மொழி, இந்த முறை படிக்கட்டுப் பக்கமாகத் திரும்பி நின்று, அதை இன்னும் சத்தமாக வாசித்தாள்.